லவீனியா கொர்தாரோவின் தங்கை

இத்தாலியின் தென்கரையில், உப்பளங்களைத் தவிர சொல்லிக்கொள்ள வேறொன்றும் இல்லாத மொந்தெசாலே என்கிற எங்கள் ஊரில், போர் முடிந்த மூன்றாவது வருடம், மார்ச் மாதத்து ஒரு புதன்கிழமை காலையில், தபால்காரர் கொர்தாரோவின் இளைய மகள் நுன்சியா தன் அக்காளுக்கு ஒத்தாசையாக ஒரு முக்காலியின் மேல் ஏறி நின்றாள். அதற்குப் பிறகு அவள் உயிரோடிருந்த ஐம்பத்து நான்கு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் கீழே இறங்கினாள், அதுவும் கால் மணி நேரம்கூட இல்லை. அந்தக் கால் மணி நேரத்தை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை ஆரம்பித்தேன். மற்றதைச் சொல்லாமல் அதை மட்டும் சொன்னால் நீங்கள் எங்களைக் கெட்டவர்கள் என்று நினைப்பீர்கள். எல்லாவற்றையும் சொன்னாலும் அப்படித்தான் நினைப்பீர்கள், ஆனால் காரணமாவது தெரிந்து நினைப்பீர்கள்.

என் பெயர் அசுந்தா. லவீனியா கொர்தாரோவின் தையல்கூடத்தில் நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஊசி பிடித்தவள். நாங்கள் தைத்த உடைகளை இளவரசிகளும் நடிகைகளும் போட்டுக்கொண்டு படியிறங்கினார்கள், இப்போது அவை கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருக்கின்றன, பார்க்க டிக்கெட் வாங்க வேண்டும்.

அப்போது லவீனியாவுக்கு இருபத்தாறு வயது, நுன்சியாவுக்குப் பத்தொன்பது. தாய் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. லவீனியா வீட்டு முன்னறையில் உட்கார்ந்து உப்பளத்து மேஸ்திரிகளுக்குச் சட்டையும், பழைய கோட்டுகளைப் பிரித்து உள்பக்கத்தை வெளியே திருப்பிப் புதுக்கோட்டுகளும் தைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படம் வரையத் தெரியாது, ஆனால் ஒரு துணியை ஒரு உடம்பின் மேல் போட்டுப் பார்த்துவிட்டால் அந்தத் துணி எங்கே போக ஆசைப்படுகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். போர்க்காலம் முழுக்கச் சுவருக்குள் ஒளித்துவைத்திருந்த பதினான்கு மீட்டர் சாம்பல் நிறப் பட்டுத்துணியை மலைமேல் மாளிகையிலிருந்த பிரபுவின் விதவை எடுத்து அனுப்பி, ரோமாபுரியில் நடக்கும் ஒரு கல்யாணத்துக்கு உடை வேண்டும் என்று சொன்னபோது, தபால்காரர் வீட்டுக்கு வந்து நிற்பது தன் மரியாதைக்குக் குறைவு என்பதால் உடம்பின் அளவுகளை மட்டும் ஒரு காகிதத்தில் எழுதி அனுப்பினாள். அந்த அளவு நுன்சியாவின் அளவுதான், ஒரு விரற்கடைகூட வித்தியாசமில்லை.

மூன்று நாள் நுன்சியா அந்த முக்காலியில் நின்றாள். மூன்றாவது நாள் மதியம், வாயில் கவ்வியிருந்த கடைசிக் குண்டூசியையும் குத்தி முடித்துவிட்டு லவீனியா எழுந்தாள்.

"இறங்கு, சாப்பிடலாம்."

"கால் வரமாட்டேங்குது."

"மரத்துப்போயிருக்கும். உதறு."

இறங்கு என்கிற அந்தச் சொல்லை லவீனியா அதற்குப் பிறகு தன் வாழ்நாளில் சொல்லவே இல்லை.

தச்சர் பஸ்குவாலே ரம்பத்தோடு வந்தார், தரையில் குப்புறப் படுத்து, வெகுநேரம் கண்ணை இடுக்கிப் பார்த்து, விரலால் தடவிப் பார்த்து, ரம்பத்தைத் திரும்பச் சாக்குக்குள் போட்டார். "மரம் எங்கே முடியுது, கால் எங்கே ஆரம்பிக்குதுன்னு யாராவது காட்டுங்க, அறுத்துத் தரேன். எனக்குத் தெரியலை" என்றார். டாக்டர் நாடி பிடித்துப் பார்த்தார், நாடி நன்றாக இருந்தது. முக்காலியின் காலைச் சுத்தியலால் தட்டினால் நுன்சியாவுக்கு வலித்தது, தரையைக் கழுவினால் அவளுக்குக் குளிர்ந்தது. பங்குச் சாமியார் தொன் எவாசியோ, இது நல்லதா கெட்டதா என்று மறைமாவட்டத்து மேற்றிராணியாருக்கு எழுதிக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வீட்டுக்கே வந்து, ஒரு நாற்காலியில் ஏறி நின்று அவளுக்கு நற்கருணை கொடுத்தார். பதில் வரவே இல்லை.

முதல் வாரம் ஊரே வந்து பார்த்தது, இரண்டாவது வாரம் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்தார்கள், உயிர்த்த ஞாயிறு முடிந்த பிறகு யாரும் வரவில்லை, ஏனென்றால் உப்பளத்தில் வேலை தொடங்கிவிட்டது. ஒரு பெண் நின்றுகொண்டே இருப்பதில் அப்படி என்ன அதிசயம், நாங்களும்தான் நிற்கிறோம், விடிந்ததிலிருந்து அந்திவரை முழங்கால் அளவு உப்புத் தண்ணீரில் நிற்கிறோம் என்றார்கள் பெண்கள். விட்டத்திலிருந்து ஒரு தோல்பட்டையைத் தொங்கவிட்டு, அதில் கையிரண்டையும் கோத்து, குதிரையைப் போல நின்றபடி தூங்க அவள் பழகிக்கொண்டாள். மற்ற காரியங்களுக்கு என்ன செய்தாள் என்று வெளியூர்க்காரர்கள் கூசாமல் கேட்பார்கள். ஒரு திரையும் ஒரு மண்பாத்திரமும் அக்கம்பக்கத்துப் பெண்களும் இருந்தால் எல்லாக் காரியமும் நடக்கும். கல்யாணமாகாத பெண்பிள்ளைகள் வைத்திருந்த அப்பன்மார்கள் அந்த வீட்டைத் தாண்டிப் போகும்போது, "பார், எவ்வளவு அடக்கமா இருக்கா" என்று தங்கள் மகள்களிடம் காட்டிவிட்டுப் போனார்கள்.

சாம்பல் பட்டு உடை ரோமாபுரிக்குப் போனது. கல்யாணத்தில் மணப்பெண்ணை யாரும் பார்க்கவில்லை என்றார்கள், எல்லோரும் அந்த விதவையைத்தான் பார்த்தார்களாம். அறுபது வயதுக்காரியின் உடம்பின் மேல் அந்தத் துணி மூச்சு விட்டதாம். விட்டதுதான், ஏனென்றால் அது மரப்பொம்மையின் மேல் வெட்டிய துணி இல்லை, மூச்சு ஏறி இறங்குகிற ஒரு பெண்ணின் மேல் மூன்று நாள் பொறுமையாக வைத்து வெட்டிய துணி. அடுத்த மாதம் நான்கு பேர் பட்டு அனுப்பினார்கள். அதற்கடுத்த மாதம் பதினொரு பேர். லவீனியா ஒவ்வொரு தடவையும் தங்கையை அளந்தாள், ஒவ்வொரு தடவையும் அளவு அந்தப் புதன்கிழமை இருந்ததைப் போலவே இருந்தது, எவ்வளவு சாப்பிட்டாலும் இடுப்பு கூடவில்லை, காய்ச்சலில் படுத்தாலும், அதாவது படுக்காமல் காய்ச்சலோடு நின்றாலும், ஒரு நூல்கூடக் குறையவில்லை. அவள் முகமும் பத்தொன்பது வயதிலேயே நின்றுவிட்டது.

நுன்சியாவுக்கு நிச்சயமான ஒருவன் இருந்தான். பெயர் கயெத்தானோ, ஊருக்கு வெளியே ரயில் பாதையின் குறுக்கே இருந்த கேட்டில் வேலை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சுத்தமாகச் சவரம் செய்துகொண்டு வருவான், நாற்காலி போட்டால் உட்காரமாட்டான், அவள் நிற்கும்போது நான் எப்படி உட்காருவது என்று சொல்லி மூன்று மணி நேரமும் அவள் எதிரில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பான். அவன் உயரமானவன், அதனால் முக்காலியின் மேல் அவள் முகமும் கீழே அவன் முகமும் கிட்டத்தட்ட நேராக இருக்கும். இப்படி இரண்டு வருடம் போனது. பிறகு அவன் தொன் எவாசியோவிடம் போய்க் கேட்டான்.

"ரெண்டு பேரும் சம்மதம்னு சொன்னாப் போதும்ப்பா" என்றார் சாமியார். "மணப்பெண் நடந்து வரணும்னு திருச்சபைச் சட்டத்துல எங்கேயும் இல்லை. நான் தேடிப் பார்த்துட்டேன்."

ஜூன் மாதம் இரண்டாவது சனிக்கிழமை என்று நாள் குறித்தார்கள். அவன் தன் கேட் வீட்டுக் கூரையில், முக்காலியோடு சேர்த்து அவள் தலை இடிக்காமலிருக்க, ஒரு பகுதியை உயர்த்திக் கட்டினான்.

மே மாதம் முடிகிறபோது ரோமாபுரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்தப் பிரபுவின் விதவை தன் நகரத்து வீட்டின் முதல் மாடியை லவீனியாவுக்குக் கொடுக்கிறாள், இலையுதிர்காலத்துக்குள் இருபது உடைகள் வேண்டும், வெளிநாட்டு வியாபாரிகள் பார்க்க வருகிறார்கள். மறுநாளே லவீனியா உப்பளத்திலிருந்து எட்டு ஆட்களைக் கூப்பிட்டாள். எட்டு பேரில் என் அப்பாவும் ஒருவர். "பத்து நாளைக்குத்தான்" என்று லவீனியா சொன்னதாகவும், அதனால்தான் தூக்கியதாகவும் அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நுன்சியா என்ன சொன்னாள் என்று நான் கேட்டால், "கனமே இல்லை, பூ மாதிரி இருந்தா" என்பார், அது நான் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை.

லாரியின் பின்பக்கத்தில் பயணக்கோட்டு போட்டு, இடுப்பில் கயிறு கட்டி அவளை நிறுத்தினார்கள். வழியில் வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள், ஏதோ ஒரு புனிதையின் சிலை பவனி போகிறது என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஊர் எல்லையில் ரயில் கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் வரவேண்டிய நேரம். கயெத்தானோ தன் அறையிலிருந்து வெளியே வந்து பார்த்தான்.

"எங்கே போறீங்க?" என்று லவீனியாவிடம் கேட்டான்.

"ரோமுக்கு. கல்யாணத்துக்குள்ள திரும்பிடுவோம்."

அவன் நுன்சியாவை நிமிர்ந்து பார்த்தான். லாரியின் உயரம், அதற்கு மேல் முக்காலியின் உயரம், இப்போது அவன் எவ்வளவு உயரமானவனாக இருந்தும் போதவில்லை.

"கேட்டைத் திறக்காதே, கயெத்தானோ" என்றாள் நுன்சியா.

ரயில் வந்தது, நாற்பது பெட்டிகள், எல்லாவற்றிலும் எங்கள் ஊர் உப்பு. அது போய் முடிகிறவரை யாரும் பேச முடியவில்லை. போய் முடிந்ததும் பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் சத்தம் போட்டார்கள், அதற்குள் ஆறு வண்டிகளும் ஒரு சவ ஊர்வலமும் சேர்ந்துவிட்டிருந்தன. கயெத்தானோ கைப்பிடியைப் பிடித்தபடி நின்றான். ரயில் போன பிறகு கேட்டை மூடி வைத்திருக்க அவனுக்கு அதிகாரம் இல்லை. திறந்தான்.

அவன் மூன்று தடவை ரோமாபுரிக்கு வந்தான். முதல் தடவை ஒத்திகை நடக்கிறது என்றார்கள், இரண்டாவது தடவை வெளிநாட்டு வியாபாரிகள் உள்ளே இருக்கிறார்கள் என்றார்கள், மூன்றாவது தடவை உள்ளே விட்டார்கள், அப்போது அவள் மேல் குண்டூசி குத்திய வெள்ளைச் சாட்டின் துணி இருந்தது, அது வேறொருத்தியின் கல்யாண உடை. அவன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான். இரண்டு வருடம் கழித்து ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டான். யாரும் அவனைக் குறை சொல்லவில்லை.

ரோமாபுரிக்குப் போன அந்த முதல் வருடம்தான் லவீனியா எங்கள் ஊரிலிருந்து பன்னிரண்டு பெண்களை வேலைக்கு எடுத்தாள். ரோமாபுரியில் தையல்காரிகள் இல்லாமல் இல்லை. ஆனால் முக்காலியில் ஒரு பெண் நிற்பதைப் பார்த்து மூச்சுத் திணறாமல் வேலையைப் பார்க்கிற பெண்கள் எங்கள் ஊரில்தான் கிடைப்பார்கள். அப்படித்தான் நான் வந்தேன். உப்புத் தண்ணீரில் வெடித்திருந்த எங்கள் விரல்களை முதல் மூன்று மாதம் லவீனியா எண்ணெய் போட்டு ஊறவைக்கச் சொன்னாள், பட்டில் கீறல் விழாத விரல் வந்த பிறகுதான் ஊசியைத் தந்தாள். கடுமையானவள். ஒரு மடிப்பு அரை நூல் விலகியிருந்தால் முழுவதையும் பிரிக்கச் சொல்வாள். ஆனால் அவள் தங்கையின் முன்னால் மண்டியிட்டுத் துணியை விடும்போது, அந்தத் துணி தோளிலிருந்து ஒரே ஒரு தையலில் கணுக்கால்வரை தண்ணீர் போல இறங்கும்போது, நாங்கள் பன்னிரண்டு பேரும் ஊசியை நிறுத்திவிட்டுப் பார்ப்போம். அவள் திறமை பொய் இல்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். பொய்யாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

பத்திரிகைக்காரர்கள் பேட்டி எடுக்க வருவார்கள். "நீங்க வரையறதே இல்லையாமே, பின்னே எப்படி?" என்பார்கள்.

"என் தங்கச்சிதான்" என்பாள் லவீனியா. "அவ இல்லாம நான் ஒண்ணுமில்லை. எல்லாத்தையும் அவதான் தாங்கி நிக்கிறா."

அவர்கள் அதை அழகான ஒரு பேச்சு என்று எழுதிக்கொண்டு போனார்கள். அவள் எதையும் மறைக்கவில்லை. ஒரு அமெரிக்கப் பத்திரிகையில் தையல்கூடத்தின் பெரிய படம் வந்தது, அதில் ஒன்பது மரப்பொம்மைகளுக்கு நடுவில் நுன்சியாவும் நிற்கிறாள், கேமராவை நேராகப் பார்க்கிறாள். படத்துக்குக் கீழே பத்து பொம்மைகள் என்று போட்டிருந்தார்கள்.

சனிக்கிழமை சாயங்காலங்களில் லவீனியா எங்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, தானே ஆலிவ் எண்ணெயும் பழந்துணியும் எடுத்துக்கொண்டு முக்காலியின் மூன்று கால்களையும் தங்கையின் இரண்டு கால்களையும் துடைப்பாள். ஒரு கோடையில் முக்காலியில் வண்டு துளைத்து நுன்சியாவுக்குக் கடுங்காய்ச்சல் வந்தபோது, எட்டு நாள் வேலையை நிறுத்தி, ஒரு ஊசிக்குழலால் துளை துளையாக மண்ணெண்ணெய் விட்டு அவளைப் பிழைக்கவைத்தாள். அவள் தங்கையை நேசிக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

நுன்சியா பேசுவாள், பாடுவாள், நாங்கள் தப்பாகத் தைத்தால் மேலேயிருந்து சொல்வாள். யாருக்கு எந்த ஊரில் யாரோடு சண்டை, யாருக்கு மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கிறது, எல்லாம் அவளுக்குத் தெரியும். பத்தொன்பது வயது முகத்தோடு முப்பத்தைந்து வயதுக்காரியின் பேச்சுப் பேசுவாள். எங்களுக்கு அவள் அந்த அறையின் ஜன்னலைப் போல, கடிகாரத்தைப் போல ஆகிவிட்டிருந்தாள்.

அவள் நின்ற பதினாறாவது வருடம், ஆகஸ்டு மாதம், லவீனியா முப்பது உடைகளோடு அமெரிக்கா போயிருந்தாள், திரும்ப இன்னும் பதினொரு நாள் இருந்தது. மதியச் சாப்பாடு முடிந்து வெயில் எதிர்வீட்டுச் சுவரில் விழுந்து எங்கள் அறைக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. நான் ஒரு மடிப்புப் பாவாடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

"என் கால் வருது" என்றாள் நுன்சியா.

சாதாரணமாகத்தான் சொன்னாள். நாங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் இடது காலைத் தூக்கிவிட்டிருந்தாள். பிறகு வலது கால். உள்ளங்கால்கள் பிறந்த குழந்தையுடையதைப் போலச் சிவந்திருந்தன. தோல்பட்டையைப் பிடித்துக்கொண்டு தரையில் இறங்கி, மேஜைகளைப் பிடித்துப் பிடித்து எங்கள் நடுவே நடந்து வந்தாள், எங்களைக் கடந்தபோது அண்ணாந்து அண்ணாந்து பார்த்தாள்.

"நீங்கெல்லாம் இவ்வளவு உயரமா?" என்று சிரித்தாள்.

அவள் குள்ளம். பதினான்கு வருடம் நாங்கள் நிமிர்ந்தே பார்த்துக்கொண்டிருந்த பெண், கார்மேலாவையும் என்னையும் தவிர எங்கள் எல்லோரையும்விடக் குட்டையானவள். ஜன்னலுக்குப் போய் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள். கீழே தர்பூசணி விற்கிறவன் கத்திக்கொண்டு போனான், அவன் மூலை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒரு செருப்புக் கொடுங்கடி" என்றாள். "யாருடையது பொருந்தும்?"

யாரும் செருப்பைக் கழற்றவில்லை. கூடத்துக்குப் பொறுப்பாக இருந்த செராஃபினா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

செராஃபினாவின் புருஷனுக்குக் கல்குவாரியில் ஒரு கை போயிருந்தது. கார்மேலாவின் மூன்று பிள்ளைகள் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தார்கள். எனக்கு மொந்தெசாலேயில் பாதி கட்டிய வீடு இருந்தது, என் அம்மா கூரையில்லாத அறையில் தார்ப்பாய்க்குக் கீழே படுத்திருந்தாள். மேஜைகளின் மேல் வசந்தகாலத்து உடைகள் நாற்பத்திரண்டு, எல்லாம் அவள் உடம்புக்கு வெட்டியவை, பாதி குத்தியவை. மரப்பொம்மையின் மேல் வைத்தால் அவை பட்டுத்துணிகள், அவ்வளவுதான்.

"நுன்சியா" என்றாள் செராஃபினா. "லவீனியா வரவரைக்கும் மட்டும். பதினொரு நாள்தான். அவ வந்ததும் நீயே சொல்லிட்டு இறங்கு. இப்ப நீ போயிட்டா எங்களைத்தான் கேப்பா."

"பதினொரு நாள்ல திரும்ப ஒட்டிக்கிட்டா?"

"ஒட்டாது. ஒருதரம் விட்டது இல்லே."

நுன்சியா ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி எங்களைப் பார்த்தாள். எங்கள் ஒவ்வொருத்தியின் பெயரையும் சொன்னாள், பன்னிரண்டு பெயரையும், ஒவ்வொரு பெயருக்கும் நடுவில் கொஞ்சம் காத்திருந்தாள்.

"போன்னு யாராவது சொல்லுங்க" என்றாள். "ஒருத்தி சொன்னாப் போதும், போயிடுவேன்."

துணி கருகுகிற வாடை வந்தது. நான் இஸ்திரிப் பெட்டியைப் பாவாடையின் மேலேயே வைத்திருந்தேன். அதைத் தூக்கினேன், அதற்காகக் குனிந்தேன், பழுப்பாகத் தெரிந்த தடத்தைத் தேய்த்துப் பார்த்தேன். அந்த வேலையில் என் பெயர் என்னைக் கடந்து போய்விட்டது.

அவள் தானாகத்தான் ஏறினாள். யாரும் இழுக்கவில்லை, யாரும் தள்ளவில்லை, பின்னாளில் நாங்கள் இதைப் பலமுறை ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டோம். முக்காலி உயரம் அவளுக்கு எட்டவில்லை, தடுமாறினாள். கைகொடுத்து ஏற்றிவிட்டது நான். அவள் கை சூடாக இருந்தது.

ஒன்பதாவது நாளே ஒட்டிக்கொண்டது. இந்தத் தடவை மரம் கணுக்கால்வரை ஏறியது.

லவீனியா திரும்பி வந்து, கையுறையைக் கழற்றாமலேயே தங்கையின் முன்னால் நின்றாள். இடது பாதம் முன்பைவிடச் சற்று வெளியே திரும்பியிருந்தது. அரை நூல் பிசகைக் கண்டுபிடிக்கிறவளுக்கு அது தெரியாமல் இருக்குமா?

"யார் ஏத்தினது?"

"அவளேதான் ஏறினா" என்றாள் செராஃபினா.

லவீனியா நுன்சியாவைப் பார்த்தாள். நுன்சியா எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள். அன்று லவீனியா துணியைத் தொடவில்லை. கோட்டோடு தரையில் உட்கார்ந்து, எண்ணெயும் இல்லாமல் துணியும் இல்லாமல் வெறும் கையால் அந்தக் கணுக்கால்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள், வெகுநேரம் கழித்து யாரைப் பார்த்துச் சொல்கிறோம் என்று இல்லாமல் சொன்னாள்:

"நான் இருந்திருந்தா விட்டிருப்பேன்."

நாங்கள் யாரும் அதை நம்பவில்லை. லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தவள் இப்போது இப்படிச் சொல்கிறாளே என்று அன்று ராச்சாப்பாட்டில் சிரித்தோம். வயதான பிறகுதான் எனக்குத் தோன்றுகிறது, உண்மையாகவே விட்டிருப்பாளோ என்னவோ. அந்தச் சந்தேகத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் கெட்டவளாகவே இருந்தால் எனக்குப் பரவாயில்லை.

மறுநாள் காலை வேலை தொடங்கியது. பாதம் திரும்பியதால் இடுப்பும் சற்றுத் திரும்பியிருந்தது, துணி ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது, அந்தச் சாய்வை உலகம் கொண்டாடியது. கொர்தாரோ சாய்வு என்று இன்றைக்கும் தையல் பள்ளிகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். லவீனியாவுக்கு அரசாங்கம் பதக்கம் கொடுத்தது. அவள் பெயரில் வாசனைத் தைலம் வந்தது, கறுப்புக் கண்ணாடி வந்தது, குளியலறை ஓடுகள்கூட வந்தன. என் வீட்டுக்குக் கூரை வந்தது. கார்மேலாவின் மகன் டாக்டரானான். நுன்சியா எங்களோடு பேசுவதை நிறுத்தவில்லை, அப்படி நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பழையபடி பேசினாள், எங்கள் பிள்ளைகளின் பிறந்தநாள்களை ஞாபகம் வைத்திருந்தாள், பாட்டு மட்டும் பாடவில்லை.

பிறகு பெண்கள் கடையில் தயாராகத் தொங்குவதை வாங்கிப் போட ஆரம்பித்தார்கள். கூடம் சுருங்கியது. லவீனியாவின் பெயரை ஒரு கம்பெனி வாங்கிக்கொண்டது. அவள் கைகள் நடுங்கத் தொடங்கிய பிறகும் வருடத்துக்கு ஏழெட்டு உடைகள் குத்தினாள், குண்டூசி சில சமயம் துணியைத் தாண்டிப் போகும், நுன்சியா ஒன்றும் சொல்லமாட்டாள். எழுபத்தெட்டாவது வயதில், ஒரு ஜனவரி காலையில், தங்கையின் முன்னால் மண்டியிட்டிருந்தவள் அப்படியே முன்னால் சாய்ந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து நுன்சியா எங்களைச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னாள்.

சவ அடக்கத்துக்கு மந்திரிகள் வந்தார்கள். அடுத்த மாதம் நுன்சியாவின் இடுப்பு இரண்டு சென்டிமீட்டர் கூடியிருந்தது. அந்த வசந்தத்துக்குள் தலை நரைத்தது, கோடைக்குள் தோள்கள் இறங்கின, இலைகள் உதிர்ந்து முடிவதற்குள் அவளுக்கு எழுபத்தொரு வயது ஆகிவிட்டது. கம்பெனியிலிருந்து மரியாதையான ஒரு இளைஞன் வந்து டேப்பை வைத்து அளந்து பார்த்தான். அளவு மாறிவிட்டது, சின்யோரா, மன்னிக்க வேண்டும் என்றான். பழைய அளவில் பிளாஸ்டரில் ஒரு பொம்மை செய்து வைத்திருந்தார்கள், அருங்காட்சியகத்துக்கு அது போதும். முக்காலியை மட்டும் பிரித்துத் தர முடியுமா என்று கேட்டான். முடியாது என்று தெரிந்ததும் ஊருக்கு அனுப்ப லாரி ஏற்பாடு செய்தான்.

மொந்தெசாலேயில் பேண்டு வாத்தியம் வைத்து வரவேற்றார்கள். ஊர்ச் சதுக்கத்துக்கே லவீனியாவின் பெயரை வைத்திருந்தார்கள். நடுவில் நுன்சியாவை நிறுத்தினால் சுற்றுலாக்காரர்கள் வருவார்கள் என்று மேயர் சொன்னார், மழைக்கு ஒரு கண்ணாடிக் கூண்டும் போட்டுத் தருவதாகச் சொன்னார். நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் மிச்சம் இருந்தோம், அவளைத் தபால்காரரின் பழைய வீட்டு முன்னறையில் நிறுத்தி, முறை வைத்துச் சோறு ஊட்டினோம், துடைத்துவிட்டோம். மரம் முழங்காலைத் தொட்டிருந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் கொடுத்திருப்பாள், அதனால்தான் கேட்கவில்லை.

இரண்டாவது குளிர்காலத்தில் அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியபோது ஒருநாள் நான் சொன்னேன்:

"நுன்சியா, உனக்குன்னு ஒரு உடை தைக்கிறோம். இதுவரைக்கும் உனக்குன்னு ஒண்ணும் தைச்சதில்லை. எப்படி வேணும், சொல்லு."

அவள் கண்ணை மூடி யோசித்தாள். நிறத்தைச் சொல்வாள் என்று நினைத்தேன்.

"உக்காந்திருக்கிறவளுக்குத் தைக்கிற மாதிரி தைங்க" என்றாள்.

உட்காருகிறவளுக்குத் தைப்பது வேறு கணக்கு. மடியில் குவிவதற்குத் துணி விட வேண்டும், முன்பக்கம் முழங்காலில் மடங்கித் திரும்ப இடம் வேண்டும், பின்பக்கம் அதற்கேற்பக் குறைய வேண்டும், இடுப்புத் தையல் வயிற்றை அறுக்காமல் மேலே ஏற வேண்டும். சக்கர நாற்காலியிலிருந்த ஒரு சீமாட்டிக்கு முன்பு தைத்திருக்கிறோம், எங்களுக்குத் தெரியாத வேலை இல்லை. ஆனால் அவள் எப்படி உட்காருவாள்? நேராகவா, சாய்ந்தா, காலைக் குறுக்கே போட்டா, கைகளை மடியில் வைத்தா? அவள் உடம்பின் ஒவ்வொரு அளவும் எங்கள் ஐந்து பேருக்கும் மனப்பாடம், இதைத் தவிர. ஐந்து பேரும் ஐந்து விதமாகச் சொன்னோம். கடைசியில் கார்மேலா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், அவள் மேல் வைத்து வெட்டினோம்.

தையல் முடிவதற்கு முந்தின நாள் நுன்சியா இறந்துவிட்டாள், நின்றபடியே. இருந்தாலும் முடித்து, போட்டுவிட்டோம். குழி தோண்டுகிறவன் கிணறு வெட்டுவதைப் போல ஆழமாகத் தோண்டி, அவளை நின்ற வாக்கில் கயிறு கட்டி இறக்கினான். மடிக்காக விட்ட துணி மடியில்லாததால் அவள் வயிற்றுக்கு முன்னால் பையைப் போலப் புடைத்துத் தொங்கியது, பின்பக்கம் குட்டையாகி, மரமாகிப்போன கெண்டைக்கால்கள் வெளியே தெரிந்தன. ஊர் முழுக்க நின்று பார்த்தது. உலகத்தின் மிகச் சிறந்த தையல்காரிகள் என்று பெயர் வாங்கிய ஐந்து கிழவிகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் குழியின் ஓரத்தில் நின்றோம், நாங்கள் தைத்ததிலேயே பொருந்தாத அந்த உடையின் மேல் உப்பு மண் விழ ஆரம்பித்தது.